ஐடிலில் விட்ட கம்ப்யூட்டர்

அத்தியாயம் 17

"நாளைக்கு ராய்ப்பூர் போறேன்" என்று கயல்விழி சொன்னதிலிருந்து அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்கூட அடங்கித்தான் கேட்டது.

வண்டி வந்துவிட்டது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. மழைக்காலத்துக்கு வடக்கே வேலை நின்று, போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் மாமனார் செல்லமுத்துவின் போர்வெல் லாரியும் சட்டீஸ்கர் செம்மண்ணோடு வந்து பட்டறையில் நின்றது. டிரைவர் வந்தான். டிரில்லர் வந்தான். சமையல்காரன்கூட வந்துவிட்டான். வண்டியோடு மேனேஜராகப் போன அவள் கணவன் இனியன் மட்டும் வரவில்லை.

"தம்பி அங்கயே தங்கிட்டாருங்க" என்று ஆட்கள் சொன்னார்கள். சொல்லும்போது ஒருவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பங்குனி மாதத்திலிருந்து அவள் அவன் குரலைக் கேட்கவில்லை. கூப்பிட்டால் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொல்லும். ஆனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்துவிடும். நல்லா இருக்கேன். காட்டுக்குள்ள டவர் இல்ல. உடம்பப் பாத்துக்க. சித்திரையில் கனிஷ்கா பிறந்தபோதும் அப்படித்தான், ஒரே வரி. பாப்பாவ நல்லா போத்தி வெய்யி, காத்து ஆகாது.

இன்று காலையில், கையில் காபி டம்ளர் இருக்கும்போதே இன்னொரு வரி வந்தது.

ராய்ப்பூர் வர வேண்டாம். ஆடி நோம்பிக்கு நானே வாரேன்.

கயல்விழி அதை இரண்டுமுறை படித்தாள். மாமியார் மயிலம்மாளுக்கும் படித்துக் காட்டினாள்.

"பாத்தியா? அவனே வாரேங்கறான்" என்று மயிலம்மாளின் முகம் மலர்ந்தது. "டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துரு சாமி. கைப்புள்ளைய ஆத்தூர்ல உங்கம்மாகிட்ட உட்டுட்டு, உன்ற தம்பியக் கூட்டிக்கிட்டு, பாஷை தெரியாத சீமையில போயி நீ என்னத்தத் தேடுவ?"

"அத்தை, நான் ராய்ப்பூர் போறேன்னு அவருக்கு இன்னும் சொல்லவே இல்லீங்க."

மயிலம்மாள் சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"உன்ற மாமா சொல்லியிருப்பாரு."

"எப்படிங்க? உங்க பையன்தான் போனே எடுக்கறதில்லையே."

"ஆம்பளைங்களுக்கு ஆயிரம் வழி இருக்கும். எதையெடுத்தாலும் துருவித் துருவிக் கேக்காத." கத்தி மறுபடி நகர்ந்தது. "போறதுன்னு போனா, போறதுக்கு முந்தி அந்தப் பொட்டியவாச்சும் சரி பண்ணி வெச்சுட்டுப் போ. நீ இல்லாதப்ப பில்லுப் போட பக்கத்தூட்டு ராமாயி மவ வருவாளாமா. பொழுதோட அமத்துனா அது நடுச்சாமம் வரைக்கும் உறுமிக்கிட்டுக் கெடக்குது. எனக்குக் காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்குது."

பொட்டி என்று அவள் சொன்னது முன்னறையில் இருந்த கம்ப்யூட்டரை. முன்னறைதான் செல்லமுத்துவின் ஆபீஸ். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே பில் போடுவது, டீசல் கணக்கு ஏற்றுவது எல்லாம் கயல்விழியின் தலையில் வந்து விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் அவளுக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு வந்தது. இனியன் காலேஜில் படிக்கும்போது வாங்கியது. அப்பாவுக்குப் படிக்க வேண்டுமே என்று எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்திருந்தான்.

செல்லமுத்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மருமகள் ஆபீஸ் அறைப் பக்கம் போவதைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன சாமி, இன்னைக்கு என்ன வேலை உனக்கு அங்க?"

"அந்தக் கம்ப்யூட்டரு அணையறதுக்கு ரொம்ப நேரமாவுதுங்க மாமா. என்னன்னு பாத்து வெக்கலாம்னு."

"அது அப்படித்தான். பழைய இஞ்சினு. நோண்டாத, உட்ரு."

"அத்தை தூங்க முடியலங்கறாங்க."

"அவளுக்கென்ன தெரியும்? கம்ப்ரசர ஓட்டி முடிச்ச சூட்டோட அமத்துனா டர்போ போயிரும். சித்த நேரம் ஐடில்ல சும்மா ஓட உட்டு, மூச்சு எறங்குனப்பறந்தான் அமத்தோணும். இதுக்கும் அதே கதைதான். நீ அமத்தச் சொல்லிப்போட்டு உன்ற சோலியப் பாரு. எறங்குனதும் நான் வந்து மெயின அமத்திக்கிறேன்."

அந்த வீட்டில் அதுதான் வழக்கம். கயல்விழி வேலையை முடித்து, அணைக்கும் பொத்தானைத் தட்டிவிட்டு, கையோடு மானிட்டரை அமத்திவிட்டு எழுந்துவிடுவாள். பெட்டி மட்டும் மேஜைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும். ரிக் வண்டியோடு வாழ்கிற வீட்டில் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. இஞ்சின் என்றால் இறங்க நேரமாகும். சாப்பாடானதும் செல்லமுத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்புறம் ஒருவழியாக உறுமல் நிற்கும்.

"சரிங்க மாமா" என்றாள் கயல்விழி.

செல்லமுத்து பட்டறைக்குக் கிளம்பினார். வாசலைத் தாண்டியும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை உதைத்தார்.

குழந்தை பின்கட்டில் பாட்டியிடம் இருந்தது. கயல்விழி ஆபீஸ் அறைக்குள் போனாள். அவள் இன்னும் சுவிட்சைக்கூடப் போடவில்லை. ஆனால் மேஜைக்கடியில் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். நல்ல சூடு.

ராத்திரி இறங்கவே இல்லையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு மானிட்டரைப் போட்டாள்.

அவளுடன் காலேஜில் படித்த அன்புச்செல்வி சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தாள். கயல்விழி அவளைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"வயசானா எல்லாருக்கும் படுக்க நேரம் ஆகும்டி" என்றாள் அன்புச்செல்வி. "எங்க மாமனாருக்கு இருமி முடிக்கவே ஒரு மணி நேரம். சரி சொல்லு, பின்னாடி என்னென்ன தொங்குது?"

"பிரிண்டரு. ஒரு பென்டிரைவ். அப்புறம் ஏதோ ஒரு வயரு, எதுக்குன்னு தெரியல."

"எல்லாத்தையும் புடுங்கு. எதுக்குன்னு தெரியாததை மொதல்ல புடுங்கு."

பிடுங்கினாள். உறுமல் நிற்கவில்லை.

"அப்டேட்டு ஏதாவது பாக்கி நிக்குதா பாரு. பாதியில நின்னிருந்தா அணையறப்பதான் அதுக்கு ஞாபகம் வரும்."

ஒன்றும் நிற்கவில்லை. தானாகத் திறந்துகொள்ளும் பழைய புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கிரிக்கெட் ஸ்கோர் காட்டுவது ஒன்று, ஜாதகம் கணிப்பது ஒன்று. ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்கவிட்டு, அது முடியும்வரை இருவரும் பிள்ளை வளர்ப்பு பேசினார்கள். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கயல்விழி அணைக்கும் பொத்தானைத் தட்டினாள். பழக்கத்தில் கை மானிட்டர் பொத்தானுக்குப் போய் அதையும் அமத்தியது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

"உறுமுது."

"உறுமறது எனக்கே கேக்குது. ஸ்க்ரீன்ல என்ன வருது?"

"ஸ்க்ரீன அமத்திட்டேனே."

"எதுக்குடி?"

"எங்க வீட்ல அப்படித்தான். பெட்டி ஐடில்ல ஓடி அணையறதுக்கு மானிட்டரு எதுக்கு எரியணும், கரண்டுதானே வீணு."

அன்புச்செல்வி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "ஐடில்லயா? ஏன்டி, அது என்ன லாரியா? அதோட வாயப் பொத்திட்டு எங்க வலிக்குதுன்னு கேட்டா அது எப்படிடி சொல்லும்? நீ பி.சி.ஏ. படிச்சேன்னு வெளிய சொல்லிராத. மானிட்டரைப் போடு."

கயல்விழி போட்டாள்.

திரை வெளிச்சமாக ஒரு நொடி ஆனது. நடுவில் ஒரு சின்னக் கட்டம் நின்றது. அதற்குள் தமிழில் இரண்டு வரி.

இந்தக் கணினியை வேறொருவரும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது அணைத்தால் அவர் சேமிக்காத வேலையை இழக்க நேரிடும்.

அவள் சத்தமாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. தன்னையறியாமல் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். சாத்திய ஜன்னல். சுவரில் காலண்டர். வேறு ஒருவரும் இல்லை.

"பயந்துட்டியா? பேயெல்லாம் இல்ல" என்றாள் அன்புச்செல்வி. "அந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரு பேர்ல கணக்கு இருக்கும். இன்னொருத்தர் தன் கணக்குக்குள்ள போயி வேலை பாத்துட்டு, மூடாம, அப்படியே உன் கணக்குக்கு மாத்தி வெச்சுட்டுப் போயிருக்காரு. அவரு உள்ள இருக்கற வரைக்கும் அது உன்கிட்ட 'அணைக்கவா வேண்டாமா'ன்னு கேட்டுட்டு நிக்கும். நீதான் மானிட்டரை அமத்திட்டுப் போயிருவியே. அது பாவம், பதிலுக்குக் காத்துட்டு நின்னிருக்கு."

"இத்தனை நாளாவா?"

"இத்தனை நாளா. யாரு உள்ள இருக்கான்னு பாக்கணுமா? பயனர்கள்னு ஒரு பக்கம் இருக்கும், போ."

அவள் சொன்ன வழியே கயல்விழி போனாள். இரண்டு பெயர்கள் வந்தன. முதலாவது, அவள் பயன்படுத்தும் 'ஆபீஸ்'. இரண்டாவது 'இனியன்'.

"யாருடி?"

"எங்க வீட்டுக்காரரு பேரு."

"அப்புறமென்ன, அவரு மூடாம போயிருப்பாரு."

"அவரு தீபாவளி முடிஞ்சு போனவரு அன்பு. இந்தப் பெட்டி அதுக்கப்புறம் எத்தனையோ தடவை கரண்ட் போயி நின்னிருக்கு."

இந்தமுறை அன்புச்செல்வி சிரிக்கவில்லை. "அப்ப இன்னைக்கு யாரோ உள்ள போயிருக்காங்க. கரண்டு போனா அந்தக் கணக்கு மூடிக்கும். மறுபடி பாஸ்வேர்டு போட்டாத்தான் தொறக்கும்." அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஒருத்தர் பிரிண்டரைத் தூக்கிட்டு வந்து நிக்கறாரு கயலு. முடிச்சுட்டுக் கூப்பிடறேன், வை."

அறைக்குள் உறுமல் மட்டும் இருந்தது.

கயல்விழி இனியன் என்ற பெயரைத் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது. தன் பெயரைப் போட்டாள், இல்லை. கல்யாண நாளைப் போட்டாள், இல்லை. தப்பாகப் போட்டதும் கீழே சின்ன எழுத்தில் அவன் எழுதி வைத்திருந்த குறிப்பு வந்தது.

மொத போரு.

அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவன் சொன்ன கதை. அப்பா பக்கத்தில் நிற்க, முதல்முறையாகத் தானே லீவரைப் பிடித்துப் போட்ட போர்வெல். வையப்பமலை அடிவாரத்தில் ஒரு கடலைக்காடு. தண்ணீர் பீய்ச்சியடித்துப் புதுச்சட்டை சேறாகிவிட்டதாம். அம்மா திட்டுவாளே என்று அப்பாவும் மகனுமாக அதை வாய்க்காலிலேயே அலசிக் காயவைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்களாம்.

வையப்பமலை என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். திறந்தது.

உள்ளே ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. இனியனின் வாட்ஸ்அப். மேலே முதல் பெயர் 'கயலு'. பக்கத்தில் அவளுடைய படம், மல்லிகைப்பூவோடு.

தன் முகத்தைத் தானே தட்டித் திறப்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அவள் அனுப்பியதெல்லாம் இடது பக்கம் நின்றது. பால் கட்டிக்கொண்டு வலித்ததை எழுதியது, பிள்ளைக்கு உங்கள் காது என்று எழுதியது, ஏன் ஒருதரமாவது பேசக்கூடாதா என்று அழுதுகொண்டே எழுதியது. வலது பக்கம் அந்த ஒற்றை வரிகள். கடைசியாக இன்று காலையில் வந்தது. ராய்ப்பூர் வர வேண்டாம். ஆடி நோம்பிக்கு நானே வாரேன்.

வாரேன்.

அவள் விரல் நின்றது. ஆத்தூர்க்காரியான அவள் 'வரேன்' என்றுதான் சொல்வாள். அதை வைத்துக் கல்யாணமான நாளிலிருந்து இனியன் அவளைக் கேலி செய்வான். 'வரேன் வரேன்னு சொல்றவ வந்துதான சேரோணும்' என்பான். பிறகு அதுவே அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகி, அவளுக்கு எழுதும்போதெல்லாம் அவனும் 'வரேன்' என்றே எழுதினான்.

மேலே மேலே தள்ளிப் பார்த்தாள். மாசி மாதம், வரேன். பங்குனி பிறந்தும், வரேன். பிறகு ஒரு வாரம் அவள் மட்டும் எழுதியிருந்தாள், பதிலே இல்லை. அதற்கப்புறம் வந்த முதல் வரி. வேலை சாஸ்தி. சீக்கிரம் வாரேன்.

அங்கிருந்து கீழே எல்லாமே வாரேன்தான்.

கயல்விழிக்கு ஒன்று மட்டும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கீழே எழுதும் கட்டத்தில் 'யாரு' என்று அடித்து, அனுப்பினாள்.

மேஜைமேல் இருந்த அவள் போன் டிங்கென்றது. இனியன் என்ற பெயரில், அவன் சிரிக்கும் படத்தோடு, ஒரு செய்தி. யாரு.

இந்த நாற்காலியிலிருந்து. இந்த மேஜையிலிருந்து. அவள் பக்கத்து அறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே காத்திருந்த ஒவ்வொரு வரியும் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

"ஆஃப் ஆயிருச்சா சாமி?"

செல்லமுத்து கதவருகில் நின்றார். வண்டிச் சத்தம் அவளுக்குக் கேட்கவேயில்லை. பட்டறைக்குப் போனவர் பாதி வழியில் திரும்பியிருக்க வேண்டும். கையில் கிரீஸ் இல்லை.

"இல்லீங்க மாமா" என்றாள் அவள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "உள்ள வேற ஒருத்தர் இருக்காருன்னு சொல்லுது."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெதுவாப் பேசு. உங்கத்தைக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்.

"அவரு இருக்காருங்களா மாமா?"

"தெரியல சாமி" என்றார் செல்லமுத்து. "தெரிஞ்சா சொல்லமாட்டனா?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொல்லத் தொடங்கியவர் நடுநடுவே நின்றார். பங்குனியில் ஒரு சாயங்காலம், காட்டோரத்துக் கிராமம் ஒன்றில் போர் போடப் பாயின்ட் பார்க்க வேண்டும் என்று இனியன் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறான். மறுநாள் ரோட்டோரத்தில் பைக் நின்றது. சாவி அதிலேயே இருந்தது. ஆளும் இல்லை, போனும் இல்லை.

"நான் ஸ்பேருக்கு ஐதராபாத் போறேன்னு சொல்லிட்டுப் போனனே, அப்ப அங்கதான் போனேன். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தோம். காடு பூரா ஆளுகள உட்டுத் தேடுனோம். ஒரு துப்பும் இல்ல. ஆளுகளையெல்லாம் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன்."

"என்கிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

"நீ நெறமாசம். டாக்டரம்மா பிரசர் ஏறிக் கெடக்குது, எதையும் சொல்லிராதீங்கன்னுச்சு." அவர் தரையைப் பார்த்தார். "அவன் பேர்ல ஏதாச்சும் சேதி தாக்கல் வந்திருக்குமான்னுதான் இதத் தொறந்தேன். கடலைக்காட்டு நெனப்பு வந்து, அந்தூர்ப் பேரப் போட்டேன். தொறந்துச்சு. பாத்தா, நீ அனுப்புனது பூராம் வந்து நிக்குது, ஒண்ணுக்கும் பதிலில்லாம. பேசுங்க பேசுங்கன்னு. எனக்குத் தாங்கல. ஒரு வரி தட்டி உட்டேன். நீ அன்னைக்குத்தான் வவுறாரச் சோறு தின்ன."

"நாலு மாசமா நான் உங்ககிட்டயா பேசிட்டிருந்தேன்?"

அவர் துண்டின் நுனியை விரலில் சுற்றினார்.

"நான் அவருக்குன்னு என்னென்னமோ எழுதியிருக்கேன் மாமா." அவளுக்குக் காது மடல் எரிந்தது. "அத்தனையும் படிச்சீங்களா?"

"வேண்டாததப் படிக்காமத் தள்ளிருவேன் சாமி. சத்தியமா. புள்ள பொறந்ததும் சொல்லிரலாம்னு இருந்தேன். அப்பறம் தீட்டுக் கழியட்டும்னு இருந்தேன். ஒண்ணத் தட்டுனா அதுக்கு நீ ஒண்ணு கேப்ப. அதுக்கு ஒண்ணு தட்டோணும். எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல."

"அத்தைக்கு நான்தானே அத்தனையும் படிச்சுக் காட்டினேன். பையன் வாரேங்கறான்னு காலையில எப்படிச் சிரிச்சாங்க தெரியுமா?"

பின்கட்டிலிருந்து மயிலம்மாள் பேத்தியிடம் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அப்பன் வாரான், ஆடிக்கு வாரான், தங்கக் காப்புக் கொண்டாந்து போடுவான்.

செல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

கயல்விழிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆள், மகன் செத்துப்போனான் என்று மனசுக்குள் முடிவுகட்டிவிட்டு, நாலு மாதமாக ஒற்றை ஆளாக அதைச் சுமந்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததால்தான் அவள் கத்தவில்லை. இதுவரை அவளுக்கு இருந்தது அவன் ஏன் பேசவில்லை என்ற கோபம். இப்போது அந்தக் கோபத்துக்கும் ஆளில்லை.

அவள் போன் அடித்தது. மேஜைமேலேயே வைத்து ஸ்பீக்கரில் எடுத்தாள். அன்புச்செல்வி.

"என்னடி, யாரு உள்ள பூந்ததுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." கயல்விழியின் கண் திரையில் இருந்தது. ஏதோ ஒன்று அவளை உறுத்தியது. காணாமல்போன ஒரு போனின் வாட்ஸ்அப் எப்படி இன்னும் இந்தப் பெட்டியில் திறக்கிறது? "அன்பு, ஒண்ணு கேக்கறேன். ஒருத்தரோட போன் அணைஞ்சே கெடக்குதுன்னு வை. அவரோட வாட்ஸ்அப் கம்ப்யூட்டர்ல எத்தனை நாள் தொறக்கும்?"

"ரெண்டு வாரம். அதுக்குள்ள ஒருக்காவாவது அந்தப் போனை ஆன் பண்ணி நெட்டுல விடணும். இல்லன்னா கம்ப்யூட்டரைத் தானா வெளிய தள்ளிரும். அப்புறம் அந்தப் போனைக் கையில வெச்சு ஸ்கேன் பண்ணாத்தான் மறுபடி உள்ள போகலாம்."

"நாலு மாசம் தொறந்தே இருக்குமா?"

"வாய்ப்பே இல்ல. நாலு மாசமா தொறக்குதுன்னா அந்தப் போனை யாரோ அப்பப்ப ஆன் பண்ணிட்டுத்தான் இருக்காங்க. ஏன்டி, யாரோட போனு?"

கயல்விழி போனை வைத்தாள்.

ஸ்பீக்கரில் வந்தது அத்தனையும் செல்லமுத்துவுக்குக் கேட்டிருந்தது. அவர் எழுந்துவிட்டார்.

"அப்ப இருக்கானா சாமி? என்ற பையன் இருக்கானா?"

"இருந்தா, நீங்க எழுதுனது அத்தனையும் அவரு போன்லயும் போய் நின்னிருக்கும் மாமா. நான் எழுதுனதும்தான். பிள்ளை பொறந்தது தெரியும். நான் அழுதது தெரியும்." அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "எல்லாத்தையும் பாத்துட்டு, அப்பா எழுதட்டும்னு விட்டுட்டு, சும்மா இருந்திருக்காரு. அப்படி இருப்பாருங்களா?"

"இருக்கமாட்டான்" என்றார் செல்லமுத்து உடனே. சொன்ன பிறகுதான் சொன்னதன் அர்த்தம் அவருக்கு உறைத்தது. மெல்ல மறுபடி உட்கார்ந்தார். "இருக்கமாட்டான் சாமி."

"அப்ப யாரு கையில இருக்குது அந்தப் போனு?"

மேஜைக்கடியில் உறுமல் கூடியது போலிருந்தது. இருவரும் திரையைப் பார்த்தார்கள். கடைசியாக அவள் அனுப்பிய 'யாரு' அப்படியே நின்றது.

பிறகு அது இல்லை.

ஒரு கணம் முன்புவரை இருந்த சொல் மறைந்து, அதே இடத்தில் சாய்ந்த எழுத்தில் வேறொரு வரி வந்தது. நீங்கள் இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்.

கயல்விழியின் இரண்டு கையும் மடியில் இருந்தன. செல்லமுத்துவின் கைகள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தன. கீபோர்டுக்கும் மவுசுக்கும் அருகில் யாருடைய விரலும் இல்லை.

"நான் தொடல சாமி" என்றார் அவர், குழந்தையைப் போல.

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். அதிலும் 'யாரு' இல்லை. மேலே இனியன் என்ற பெயருக்குக் கீழே, நாலு மாதமாக இந்த அறைக் கதவு சாத்தியிருந்தபோது மட்டுமே வந்த அந்தச் சின்னப் பச்சை எழுத்து, இப்போது வந்து நின்றது.

தட்டச்சு செய்கிறார்.